தூண்கள் நின்ற இடம்

ராஜபாளையம் பழைய காய்கறிச் சந்தையின் தரைக்கடை வியாபாரி பேச்சியம்மாள் அவர்கள் செவ்வாய்க்கிழமை அதிகாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் காலமானார். செய்தியாளனான எனக்குத் தகவலைத் தொலைபேசியில் சொன்னவர் மகள் செல்வி. "அம்மா போயிட்டா சார். சந்தைக்காரவுகளுக்கு நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். சந்தை இப்போது நடக்கும் மைதானத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் இரண்டு வேன் பிடித்துக் கிளம்பியிருந்தார்கள்.

பேச்சியம்மாளின் சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். கணவர் இறந்த பிறகு கத்திரிக்காய்க் கூடையோடு ராஜபாளையம் வந்தவர். நகரின் நடுவே இருந்த சந்தைக் கட்டடத்தில், கற்தூண்களுக்கு இடையே தரையில் அமர்ந்து விற்றார். உள்ளே அறை பிடித்த கடைக்காரர்களிடம் வாடகை ரசீது இருந்தது. தரையில் அமர்ந்த பெண்களிடம் எதுவும் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே அடையாளம்.

கூரைக் காரை பெயர்ந்து விழத் தொடங்கியதும் கட்டடத்தை இடிக்க முடிவானது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊரில் சிலர் பேசினார்கள். பேச்சியம்மாளின் கருத்தைக் கேட்டேன். "எந்தலையில விழுந்தா நீங்க பேப்பர்ல போடுவீக தம்பி. நான் எந்திரிச்சு வந்து வாசிக்கவா போறேன்? இடிக்கட்டும். எங்க எடம் என்னாவும்னு மட்டும் கேட்டு எழுதுங்க" என்றார்.

பொக்லைன் வந்தது. நூற்றாண்டு கண்ட கட்டடம் ஒரு வாரத்தில் தரைமட்டமானது. வியாபாரிகளை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்கு மாற்றினார்கள்.

அங்கே முதல் நாள் காலை நான் இருந்தேன். நல்ல இடம் பிடிக்கப் பெண்கள் நுழைவாயிலுக்கு ஓடினார்கள். முத்துலட்சுமியைப் பார்த்துப் பேச்சியம்மாள் போட்ட சத்தம் எல்லோரையும் நிறுத்தியது.

"ஏட்டி முத்து, அதுவா உன் எடம்? நீ ரெண்டாம் தூணுக்கு வடக்கவுல்லா?"

"தூணு எங்க மதினி இருக்கு? பொட்டக்காடால்ல கெடக்கு!"

"இருக்குன்னு நெனச்சிக்கிட்டு உக்காரு. தள்ளி உக்காரு, முதுகு தூணுல இடிக்கி!"

சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார்கள். ஆனால் உட்கார்ந்தது பழைய வரிசையில். தூண்களுக்கான இடங்கள் காலியாக விடப்பட்டன. பழைய வாசல் இருந்த திசையில் பாதை விடப்பட்டது. மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் அந்த வரிசை மாறவில்லை. குறுக்கே நடந்த வாடிக்கையாளர்களுக்கு, "பாத்துங்க அண்ணாச்சி, தூணு!" என்ற கேலியும் பழகிப்போனது.

ஒரு மழைக்காலத்தில், மைதானத்தில் தேங்கிய தண்ணீரைப் படம் எடுப்பதற்காக எதிரே இருந்த லாட்ஜின் மொட்டை மாடிக்கு ஏறினேன். கீழே பார்த்தவன் படம் எடுக்க மறந்து நின்றேன். இடிக்கப்பட்ட சந்தை அங்கே கிடந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. கூடைகளாலும் பெண்களாலும் வரையப்பட்டு, தூண் தூணாக, பாதை பாதையாக அந்தக் கட்டடம் முழுசாக இருந்தது. என் தொழிலில் எத்தனையோ கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பழைய இடத்தில் புதிய வணிக வளாகம் எழுந்தது. ரசீது உள்ளவர்களுக்குக் கடை உறுதியானது. தரைக்கடைக்காரர்களுக்குக் கீழ்த்தளக் கூடம் என்றார்கள். ஆனால் பழைய ஆட்கள் யார் என்று எப்படி முடிவு செய்வது? நகராட்சியின் பொறுப்பு அதிகாரி நியாயமானவர். "ஏதாவது ஆதாரம் வேணுமேம்மா" என்றார்.

"வந்து பாருங்க சார். செத்த நேரந்தான்" என்று பேச்சியம்மாள் அவரை மைதானத்துக்கு அழைத்து வந்தார். பழைய கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி வரிசைகளுக்கு இடையே நடந்தார். நடுவழியில், ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில், ஒதுங்கிச் சுற்றிப் போனார். தூணுக்காக விட்டிருந்த இடம் அது. பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வரிசையையே ஆதாரமாக ஏற்கப் பரிந்துரைப்பதாக அன்றே சொன்னார்.

போன மாதம் புதிய கூடத்தைப் பார்க்கப் பேச்சியம்மாள் போனார். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத கான்கிரீட் கூடம். "எம்புட்டு வெளிச்சம்!" என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு, தூண்களுக்கு விட்ட இடத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது.

"நாம ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிடலாம் மதினி" என்றார் முத்துலட்சுமி.

"மைதானத்து வேலியோரம் வெயில்ல நின்னு விக்காளுவளே, அவளுவளக் கூப்பிட்டு உக்கார வை."

"அவளுவ நேத்து வந்தவளுவ!"

"நீயும் ஒருநா நேத்து வந்தவதானட்டி. அன்னைக்கு நான் தள்ளி உக்காரலன்னா நீ எங்க உக்காந்திருப்ப?"

 பேச்சியம்மாள் அந்தக் கோரிக்கையை மனுவாக எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்துக் கொடுத்தார்.

நேற்றுக் காலை மைதானத்துக்குப் போனேன். வேலியோரம் யாரும் இல்லை. தூணுக்காக விட்டிருந்த இடங்களில் புதிய கூடைகள் இருந்தன. முத்துலட்சுமி ஒரு இளம்பெண்ணிடம், "கால நல்லா நீட்டி உக்காரு. ஒன்னும் இடிக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய வரிசைக்கான பரிந்துரையும், தூண் இடங்களுக்கான மனுவும் அடுத்த மாத நகர்மன்றக் கூட்டத்தில் வைக்கப்படும் என்று அதிகாரி என்னிடம் உறுதி செய்தார். முடிவு இன்னும் வரவில்லை. மைதானம் காத்திருக்கவில்லை, அம்மா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.