கட்டி உனக்கா, எனக்கா?

கிர்கிஸ்தானின் நாரின் ஊர் பஸ் நிலையத்தில், இறைச்சி அடைத்த சம்சா சுட்டு விற்கும் சூராகானுக்கு முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். மண் அடுப்புக்குள் கையை விட்டு, உட்சுவரில் சம்சாவை அறைந்து ஒட்டுகிற வேலை. ஒருநாள் அப்படிக் குனிந்தபோது இடது மார்பு அடுப்பின் விளிம்பில் அழுந்தியது. உள்ளே ஒரு கட்டி தட்டுப்பட்டது. நேராக டாக்டர் புருலிடம் போனாள்.

புருலை ஊர் நம்பியது கைராசிக்காக அல்ல. கைராசி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். முதலில் பேச விடுவார், பிறகுதான் தொடுவார். தெரியாததைத் தெரியாது என்பார். மந்திரித்த தண்ணீரோடு வருகிறவர்களிடம், "தாகம் எடுத்தா குடி. மாத்திரைய நிறுத்தினா உதைப்பேன்" என்பார்.

சோதனை முடிவு வந்த அன்று மகன் எமில்பெக்கும் கூட வந்தான்.

"அம்மா, நீங்க இந்த பெஞ்சுல உக்காருங்க. நான் உள்ளே போய்க் கேட்டுட்டு வரேன்."

"கட்டி உனக்கா, எனக்கா?"

"நம்ம வழக்கம் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன? கெட்ட நோயை நோயாளியிடம் சொல்லக் கூடாது. வீட்டு ஆண்களிடம்தான் சொல்ல வேண்டும். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் கணவன் மூசாவுக்கு வயிற்றில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் அதை அவருடைய தம்பிகளிடம் சொன்னார்கள். மூசாவிடம் வெறும் புண் என்றார்கள். மனைவியிடமும் அதையே சொன்னார்கள். கோடையில் மலை மேய்ச்சலுக்கு ஏறுவோம் என்று மனிதர் குதிரைக் குட்டி வாங்கினார், சேணம் தைத்தார். பனி உருகுமுன் புதைத்தார்கள். யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போக நினைத்திருப்பாரோ, அந்த உரிமையையும் சேர்த்தே புதைத்தார்கள். "உங்க மனசு தாங்காதுன்னுதான் அண்ணி" என்று கொழுந்தன் அப்புறம் வந்து சொன்னபோது, சூராகான் ஒப்பாரியை நிறுத்தி அவனை வெளியே போகச் சொன்னாள்.

இப்போது மகனை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"டாக்டரக்கா, கொஞ்சம் தனியாப் பேசணும்."

"பேசலாமே. உனக்கு என்ன வியாதி?" என்றார் புருல்.

"எனக்கு ஒண்ணும் இல்ல..."

"அப்ப வாய மூடு. சூராகான், இவன் இங்க இருக்கலாமா?"

"இருக்கட்டும். காதால கேக்கக் கத்துக்கட்டும்."

புருல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேரே உட்கார்ந்தார். "புற்றுநோய்தான். பரவின மாதிரி தெரியல. மார்ப எடுக்க வேண்டி வரலாம். சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தள்ளிப்போடாதீங்க."

சூராகான் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எமில்பெக் விசும்பினான்.

"முதல்ல புனித ஊற்றுல ஒரு தடவ குளிச்சுப் பாத்துட்டு..."

"சளிதான் பிடிக்கும். உங்கப்பா தலையிலயும் அந்தத் தண்ணியத்தானடா ஊத்தினீங்க? டாக்டரக்கா, ஆபரேஷனுக்கு எழுதுங்க. அப்புறம் இந்தக் கையை அடுப்புல விட முடியுமா?"

"உடனே தூக்க வராது. பழக்கணும். வலிக்கும்."

"வலிக்கட்டும்."

வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எமில்பெக்கின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் அவனிடம் புருவத்தை உயர்த்தி ஜாடையில் கேட்டார். சூராகான் அதைக் கவனித்துவிட்டாள்.

"அவன எதுக்குப் பாக்குறீங்க? எனக்கு மார்புல புற்றுநோய். ஆபரேஷனுக்குப் போறேன். வேற ஏதாச்சும் தெரியணும்னா என்னைக் கேளுங்க."

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம்மா?"

"இடது."