பினாங்கு போன வண்ண நூல்

ரங்கநாதன் தெருவில் பட்டுச்சேலைக் கடை வைத்திருந்த அய்யாதுரை அண்ணாச்சிக்குக் கணேசமூர்த்திதான் கொள்முதல் ஆள். பார்த்தால் சாது, வாயைத் திறந்தால் தேன். சேலை வாங்க ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு இந்த இரண்டும் போதும் என்று அவனே சொல்லிக்கொள்வான். எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் அவனுக்கு ஒரு யோகம் அடித்தது. பினாங்கில் இருந்த அக்காள் கப்பல் டிக்கெட் இரண்டு எடுத்து அனுப்பிவிட்டாள். பதினோரு வருஷ வேலையில் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு போடாதவன், மனைவி இசக்கியம்மாளோடு ஒன்றரை மாதத்துக்குக் கிளம்பிவிட்டான்.

கிளம்பிய அவசரத்தில் ஒரு காரியம் நின்றுபோயிற்று. ஆரணியில் கோதண்டபாணி என்று ஒரு நெசவாளி, தீபாவளிக்கு இவர்கள் கடைக்கு மட்டுமே நெய்து கொடுப்பார். கடையிலிருந்து வண்ண நூல் துணுக்குகள் கைக்கு வந்தால்தான் சாயம் போடுவார், தறியில் பாவு நூலை ஏற்றுவார். வாயால் சொல்லும் நிறத்தை அவர் நம்புவதில்லை. நாம் மயில்கழுத்து என்று சொல்வது இன்னொருவருக்கு வெறும் பச்சையாகத் தெரியுமாம். "அடுத்த வாரம் நூலோட வாரேன், அதுவரைக்கும் வேற யாருக்கும் தறியக் குடுத்திராதீங்க" என்று பங்குனியில் அவரிடம் வாக்கு வாங்கி வந்தவனே கணேசமூர்த்திதான். துணுக்குகளை டைரிக்குள் வைத்தான். டைரியைப் பெட்டிக்குள் வைத்தான். பெட்டி கப்பலேறிவிட்டது.

மறந்தே போனான் என்றால் மன்னித்துத் தொலைக்கலாம். பினாங்கில் மூன்றாம் நாளே டைரி கண்ணில் பட்டது.

"ஒரு கவர்ல வச்சு அனுப்பிருங்களேன். பாவம், அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்கல்லா" என்றாள் இசக்கியம்மாள்.

"நாளைக்குப் பாப்போம்" என்றான். நாளைக்கு மலை ரயில். அதற்கு மறுநாள் கடற்கரை. பத்து நாள் போனதும், இத்தனை தாமதமாக எழுதினால் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு அவன் டைரியைத் திறக்கவே இல்லை.

மெட்ராஸ் திரும்பிய நாலாம் நாள், பூப்போட்ட பினாங்குச் சட்டையோடு கடைக்குள் நுழைந்தவனை அண்ணாச்சி கல்லாவிலிருந்தே கூப்பிட்டார்.

"ஏல கணேசா, ஆரணிக்காரன் நம்மளக் கவுத்துட்டாம்லா. நூலு குடுத்தும் ஒரு சேல வரல. வேற எவனுக்கோ நெய்யுதான் போலிருக்கு. நாளைக்கே நீ நேர்ல போயி, இனிமே உம்ம சரக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரு."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால், "சரி அண்ணாச்சி" என்று மட்டும்தான் சொன்னான். ராயப்பேட்டை வீட்டில் அன்று இசக்கியம்மாள் அவன் பையில் வேட்டியை மடித்து வைத்தாள். டைரியையும் எடுத்து மேலாக வைத்தாள்.

மறுநாள் ஆரணி பஸ்ஸில் வழியெல்லாம் அவன் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். தப்பு என் மேல்தான் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். போய்ப் பார்த்தால் கோதண்டபாணி வீட்டில் இரண்டு தறியும் துணி போர்த்திக் கிடந்தன. அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி! உடம்பு இப்ப எப்படிக் கீது?"

கணேசமூர்த்தி விழித்தான்.

அவர் மனைவி முத்தம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "சொன்ன சொல்லுக்கு வராத ஆளா நீங்க? படுத்துட்டிருப்பாருன்னு நான்தான் சொன்னேன். ரேணுகாம்பாள் அம்மனுக்கு வேண்டிக்கினு கீறேன்."

"டைபாய்டு" என்றான் கணேசமூர்த்தி. அவனே நினைக்கவில்லை, அப்படி வாயில் வந்துவிட்டது. டைபாய்டில் படுத்தவன் இரண்டு சுற்றுப் பெருத்து வந்து நிற்கிறானே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனுக்குப் பரிமாற எடுத்த காரக்குழம்பை முத்தம்மா ஓரமாக நகர்த்திவிட்டு, சோற்றைக் குழையப் பிசைந்து ரசம் ஊற்றினாள்.

"காஞ்சிபுரத்து யாவாரி ரெண்டு வாட்டி வந்தாரு. தம்பிக்கு வாக்குக் குடுத்துக்கீறேன்னு அனுப்பிச்சிட்டேன்" என்றார் கோதண்டபாணி.

ரசம் சோறு இறங்கவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று அவன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான், மனசுக்குள்தான். நூலைக் கொடுத்தான். சரக்கு வேண்டாம் என்ற பேச்சை எடுக்கவில்லை. திரும்பி வந்து அண்ணாச்சியிடம், "அவருக்குச் சாயம் கெடைக்கலையாம்" என்று இன்னொன்று அவிழ்த்துவிட்டான்.

"சாயம் கெடைக்காதவனுக்கு எதுக்கு முழு ஆர்டர்? போன வருசத்துல பாதி நெய்யச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

அதையும் அவன்தான் ஆரணிக்கு எழுதினான்.

ஆவணியில் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். அதற்கு வந்த கோதண்டபாணியும் முத்தம்மாவும், நெய்து முடித்த சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்கள். கணேசமூர்த்தி மூட்டையை வாங்க ஓடினான். கோதண்டபாணி நேராகக் கல்லாவுக்குப் போனார்.

"மொதலாளி, நாங்க இன்னா தப்புப் பண்ணோம்? பாதியாக் கொறச்சிட்டீங்களே."

"சாயம் கெடைக்கலன்னு நீருதான ஓய் சொல்லி அனுப்புனீரு?"

"சாயமா?" கோதண்டபாணிக்குப் புரியவில்லை.

முத்தம்மா முன்னே வந்தாள். "இல்ல மொதலாளி. தம்பி டைபாய்டுல படுத்துக்கினாரு இல்ல, நூல் வர லேட்டாச்சு. அவரு மேலயும் தப்பில்ல."

"டைபாய்டா? இவனுக்கா?" அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

கடைப் பையன்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தேன் வாய்க்காரன் அல்லவா, இப்போதும் ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் தன் மேல் தப்பில்லை என்று அவள் சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை.

"எனக்குக் காய்ச்சலே இல்லக்கா. பினாங்குல இருந்தேன், ஊரு சுத்திப் பாக்கப் போயிருந்தேன். நூலு என் பெட்டியிலதான் இருந்துச்சு. அண்ணாச்சி, இவரு மேல ஒரு தப்பும் கெடையாது."

முத்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தாயே! அப்ப உடம்புக்கு ஒண்ணுமே இல்லியா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. கையை மெல்ல இறக்கினாள்.

அண்ணாச்சி கணேசமூர்த்தியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "வழக்கம் போல முழுசா நெய்யும் ஓய். தீவாளிக்குள்ள முடிஞ்ச வரைக்கும் கொண்டாரும்" என்று கோதண்டபாணியிடம் சொன்னார். கோதண்டபாணி தலையாட்டினார். ஆனால் கிளம்பவில்லை. கணேசமூர்த்தியின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அங்க இருக்கறப்போ எங்க நெனப்பு வந்துதா தம்பி? இல்ல, மறந்துட்டீங்களா?"

மறந்துட்டேன் என்று சொன்னால் போதும், அந்த மனுஷர் அங்கேயே மன்னித்துவிடுவார். அது கணேசமூர்த்திக்கு நன்றாகத் தெரியும்.

"நெனப்பு வந்துச்சு அண்ணே" என்றான்.