காந்தம் ஒட்டாத இரும்பு

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். கும்மிடிப்பூண்டியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் என் கணவரின் நண்பர்தான் அதைப் புதுப்பித்தார். வேலை நடந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில்தான் அவருக்குக் காலை நாஷ்டா. கட்டில், அடுப்பு எல்லாம் பொருத்திவிட்டு, "துருவை வெட்டிட்டு புது இரும்பு வெச்சிட்டேன் அண்ணி. கண்ண மூடிக்கினு போங்க" என்றார்.

கிளம்பும் அன்று பூஜை போட்டு, காரோடு இணைக்கும் இரும்புச் சட்டத்தில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த முருகர் காந்தத்தை ஒட்டினேன். விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. சாவியால் சுரண்டினால் பெயின்ட்டுக்கு அடியில், ஓட்டையை மறைக்கப் பூசும் வெறும் பட்டி! அதைப் பெயர்த்தால் விரல் நுழையும் துரு ஓட்டை. ஹைவேயில் சட்டம் முறிந்திருந்தால் பின்னால் வருகிறவர்கள் கதி?

கேட்டதற்கு, "பெயின்ட் சூப்பரா கீதுல்ல அண்ணி?" என்றார்.

இப்போதெல்லாம் எந்த வேலை கொடுத்தாலும் பெயின்ட் அடிக்கும் முன்பே போய் இரும்பைப் பார்த்துவிடுகிறேன். முருகர் என் கைப்பையிலேயே இருக்கிறார். யாராவது உரிமையோடு "அண்ணி" என்றால், முதலில் அவரைத்தான் வெளியே எடுக்கிறேன்.