பின் சீட்டில் இரண்டு மூட்டை

ஆரணிக்குப் போகிறோம் என்று சென்னையில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அண்ணி விட்டுவிட்டார். அதுவும் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது மாடிக்கு ஒரு மூட்டை பொன்னி, நாலாவது மாடிக்கு இரண்டு மூட்டை, எதிர் பிளாக்குக்கு இட்லி அரிசி என்று ஆர்டர் வந்து குவிந்துவிட்டது. சொந்தக்காரர்களைப் பார்க்கக் கிளம்பிய நாங்கள் அரிசி லாரியாகிவிட்டோம்.

அந்த வார இறுதியில் நாங்கள் கிளம்பியதற்கு ஒரே காரணம்தான். படவேட்டில் இருக்கும் என் பெரியம்மா பம்புசெட் பக்கத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எட்டு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. அவளுடைய தங்கை, என் சித்தி, ஆரணியில் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். முழங்கால் தேய்ந்துபோய் பஸ் படி ஏற முடியாது. படவேட்டுக்கு பஸ்ஸும் எப்போதோ ஒன்றுதான். மாதம் தவறாமல் பார்த்துக்கொண்ட அக்காவும் தங்கையும் எட்டு மாதமாக போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் காரில் அழைத்துப்போய்ப் பெரியம்மா வீட்டில் மத்தியானம் சாப்பிடுவது என்று பேசி முடித்து, அண்ணனைக் காரை எடுக்க வைத்ததே நான்தான்.

சனிக்கிழமை நன்றாகத்தான் போனது. சித்தி வீட்டில் கறிக்குழம்பு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கேரம்போர்டில் அண்ணன் சித்தியிடம் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றான். சாயங்காலம், ஞாயிறு அரிசி மில் லீவாச்சே என்று அவனும் அண்ணியும் கிளம்பிப் போய் ஆறு மூட்டையோடு திரும்பினார்கள். டிக்கியில் நாலு, பின் சீட்டில் இரண்டு. மில் ஆள் எவ்வளவு கச்சிதமாக அடுக்கிக் கொடுத்திருக்கிறார் பார் என்று அண்ணனுக்கு ஒரே பெருமை. மறுநாள் அந்த சீட்டில் யார் உட்கார வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்து, அரக்குப் பட்டுப்புடவையில் சித்தி வந்தாள். கையில் அக்காவுக்குப் பிடித்த மக்கன் பேடா டப்பா. முன்னால் அண்ணனும் அண்ணியும் ஏறியாயிற்று. பின்னால் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நான். சித்தி கார்க் கதவைப் பிடித்தபடி உள்ளே பார்த்தாள்.

மூட்டைகளைச் சித்தி வீட்டிலேயே இறக்கிவைக்கலாம், திரும்பும்போது ஆரணி வழியாகத்தானே வருவோம் என்றேன். யார் இறக்குவது, யார் மறுபடி ஏற்றுவது, இடுப்பு வலி என்றான் அண்ணன். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார் அண்ணி. நான் குரலை உயர்த்தியதும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்மா. நீங்க போய்ட்டு வாங்க. அடுத்த தபா பாத்துக்கலாம்." டப்பாவை ஜன்னல் வழியாக மூட்டை மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

கார் கிளம்பிவிட்டது. எட்டு மாதம் காத்திருந்தவளுக்கு அடுத்த தபா. நாலாவது மாடிக்காரர்கள் தின்கிற அரிசிக்கு இந்தத் தபாவே ஜன்னலோர சீட்டு. வழியெல்லாம் அண்ணனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். சந்தவாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது. நான் இறங்கிக்கொண்டு என் இடத்தைச் சித்திக்குக் கொடுத்திருக்கலாம். அவ்வளவு நியாயம் பேசியவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு என் கோபத்தை அண்ணன்மேல் மட்டும் கொட்ட முடியவில்லை.

படவேட்டில் பெரியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே மேஜைமேல் வாழை இலைகளைக் கழுவி அடுக்கியிருந்தது தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். "அவ எங்க?" என்றாள். இடம் இல்லை என்று அண்ணன் சொன்னான். பெரியம்மா வாக்கரை ஒவ்வொரு அடியாக நகர்த்திக் கார்வரை வந்து, குனிய முடியாமல் குனிந்து பின் சீட்டைப் பார்த்தாள்.

"இத எறக்கு. போய் அவள இட்டுகினு வா. அவ வந்தாதான் எலை போடுவேன்."

மணி இப்பவே பன்னிரண்டு என்றார் அண்ணி. பெரியம்மா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, இலைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து கோழிக் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குப் பசி தாங்காது என்பது அவளுக்கு அவன் பிறந்ததிலிருந்து தெரியும். இரண்டு மூட்டையையும் அவனே தூக்கி இறக்கினான். இடுப்பு வலி எங்கே போனதோ. அந்த இரண்டு மூட்டையும் அதன் பிறகு சென்னைக்கு வரவில்லை. நாலாவது மாடிக்கு அண்ணி என்ன சமாதானம் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவுமில்லை.

நானும் அவனோடு போனேன். சித்திக்கு போன் பண்ணிச் சொல்லலாம்தான். எந்த முகத்தோடு பண்ணுவது என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் அதே அரக்குப் புடவையில், மடியில் கைப்பையும் குடையுமாகச் சித்தி உட்கார்ந்திருந்தாள். அவள் சமைக்கவும் இல்லை. புடவைகூட மாற்றாமல் இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"அக்கா எலை போட்டிருக்காதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள் சித்தி. பைக்குள்ளிருந்து வீட்டுப் பூட்டை எடுத்தாள்.