இரங்கல் செய்தியில் இருந்த கணக்கு எண்

மொக்போ துறைமுக நகரில் பதினோரு வருடம் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொண்டவள் மல்ரே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதில் பிசகமாட்டாள். அவள் கையில் இருந்த யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. குறை ஒன்றுதான். எது கிடைத்தாலும் பராமரிப்பாளர்களின் கைப்பேசிக் குழுவில் போட்டுவிடுவாள். எந்தக் கடையில் டயப்பர் மலிவு, எந்த வீட்டு மகன் சிடுமூஞ்சி, எல்லாம் அங்கே போகும். தொள்ளாயிரம் பேர் இருந்த குழு அது. இணைப்பு கிடைத்த எவரும் உள்ளே வரலாம்.

மீன் ஏலம் விட்டு ஓய்ந்த ப்யோ கிழவரை மூன்று வருடம் பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் மூச்சு நின்றது. கண்ணை மூடி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தாள்.

மகள் ஓக்சிம் எல்லோரையும் போல நண்பகலுக்குள் கைப்பேசியில் இரங்கல் செய்தி அனுப்பினாள். அப்பாவின் பெயர், துக்க மண்டபம், புதன் காலை உடல் புறப்படும் நேரம். அடியில் அவளுடைய கைப்பேசி எண், வர முடியாதவர்கள் மொய் போட வங்கிக் கணக்கு எண். மண்டபத்துக்கு அந்த மொய்யிலிருந்துதான் கட்டுவார்கள். கட்டினால்தான் உடல் கிளம்பும்.

மல்ரே அதை அப்படியே குழுவில் போட்டாள். 'நான் பார்த்த தாத்தா. தங்கமானவர். முடிஞ்சவங்க செய்யுங்க' என்று ஒரு வரியும் சேர்த்தாள். ஓக்சிமிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

செவ்வாய் மதியம் ஓக்சிமின் கணக்கு முடங்கியது. பத்து நிமிடத்தில் முகம் தெரியாத ஒருவனிடமிருந்து செய்தி வந்தது: கணக்கு திறக்க வேண்டுமென்றால் இருபது லட்சம் வொன் அனுப்பு. ஓக்சிம் மண்டபத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் வைத்து வங்கிக்குப் போன் போட்டாள். பந்திக்கு மாட்டிறைச்சிக் குழம்பு எடுத்துப்போன மல்ரேயின் காதிலும் அது விழுந்தது.

"உங்க கணக்குல மூணு லட்சம் வந்திருக்கும்மா. யாரையோ ஏமாத்திப் பறிச்ச பணம். பறிகொடுத்தவங்க புகார் குடுத்துட்டாங்க. திருட்டுப் பணம் கைமாறி வெள்ளையாகக் கூடாதுன்னு சட்டம். அதான் மொத்தக் கணக்கையும் முடக்கியாச்சு. இப்படி முடங்க வெச்சுக் காசு கேட்கறதுக்குன்னே சிலர் போட்டு விடறாங்க."

"எங்கப்பா சாவு மொய்யுங்க அது! காலையில மண்டபத்துக்குக் கட்டணும்! அவங்க பேரைச் சொல்லுங்க, அந்த மூணு லட்சத்தை நானே திருப்பித் தரேன்."

"அவங்க விவரத்தை உங்களுக்குச் சொல்லக் கூடாதும்மா. உங்க விவரத்தையும் அவங்களுக்குச் சொல்ல மாட்டோம். நீங்க ஆட்சேபணை மனு போடுங்க. உங்க எண் எப்படி வெளியாள் கைக்குப் போச்சுன்னு ஆதாரம் வேணும். இல்லேன்னா நீங்களே கணக்கை வாடகைக்கு விட்டதாத்தான் நினைப்பாங்க."

ஓக்சிம் போனை வைத்துவிட்டுத் தம்பி தூமனைப் பார்த்தாள். ஆறு வருடம் முன்பு ஐந்து லட்சத்துக்குத் தன் கணக்குப் புத்தகத்தைத் திருட்டுப் பணம் போட்டெடுக்க எவனுக்கோ விற்று, பிடிபட்டு, அபராதம் கட்டியவன் அவன்.

"மறுபடியும் வித்தியாடா? இந்தத் தடவை என்னுதா?"

"சத்தியமா இல்லக்கா."

"உன் சத்தியத்தை அடகு வெச்சா ஒரு பொட்டலம் நூடுல்ஸ் குடுப்பானா?"

"அப்பா படத்து முன்னாடி நின்னு சொல்றேன்."

"சொல்லு. அவரே எழுந்து வந்து அறைவார். கையில இருக்கிற பட்டையை அவுத்து வெச்சிட்டு வெளிய போ. நாளைக்கு நீ முன்னால நடக்க வேணாம்."

மூத்த மகன் கட்டும் துக்கப் பட்டை அது. தூமன் அதை அவிழ்க்கத் தொடங்கினான்.

மல்ரே சமையல்கட்டுக்குப் போய்க் கைப்பேசியைத் திறந்தாள். ஒரு அழுத்து அழுத்தினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். வீட்டார் விவரத்தை வெளியே சொல்லும் பராமரிப்பாளரை, அவளை வேலைக்கு அனுப்பும் நிலையத்தில் வைத்திருக்க மாட்டார்கள். தூமனை எப்படியும் யாரும் நம்பப்போவதில்லை. இத்தனையும் அவள் நினைத்தாள். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. கிழவரை நாள் முழுக்க ஈரத்தில் கிடக்க விட்டுவிட்டு, 'இப்பத்தான் மாத்தினேன்' என்று பொய் சொன்ன முந்தைய பராமரிப்பாளரை அவள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள்!

திரும்பி வந்தபோது தூமன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஓக்சிம், அவனைக் கூப்பிடு. நான்தான்."

கைப்பேசியை நீட்டினாள். ஓக்சிம் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"தொள்ளாயிரம் பேரா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலியா அக்கா?"

"தோணல. நாலு பேர் கூடப் போடுவாங்கன்னு நெனச்சேன்."

"எத்தனை பேர் போட்டாங்க?"

"ரெண்டு பேரு."

தூமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்ததும் அடக்கிக்கொண்டான். ஒற்றைக் கையால் பட்டையைக் கட்ட முடியாமல் தடுமாறினான். மல்ரே உதவிக்குப் போனாள். அவன் நகர்ந்து அக்காவிடம் கையை நீட்டினான்.

"நாள், மணி தெரியற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. மனுவோட வைக்கணும். மன்னிப்பெல்லாம் இப்ப வேணாம்," என்றாள் ஓக்சிம், முடிச்சைப் போட்டபடியே.

மல்ரே தன் சேமிப்பைத் தருவதாகச் சொன்னாள்.

"உங்க பணமா? அது எங்கேருந்து வந்துச்சுன்னு நாளைக்கு எவன் வந்து கேட்பானோ!"

உறையில் வந்த ரொக்கம் பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதியை ஓக்சிமின் கணவர் கடன் அட்டையில் தவணையாகப் போட்டார். புதன் காலை உடல் நேரத்துக்குக் கிளம்பியது. தூமன் முன்னால் நடந்தான். மல்ரே நேராக நிலையத்துக்குப் போய்த் தானே விஷயத்தைச் சொன்னாள். ஒரு மாதம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். குழுவிலிருந்தும் விலகினாள். அவள் போன் செய்தால் ஓக்சிமுக்குப் போகவில்லை. ஓக்சிம் அவள் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள்.

ஏழு வாரம் கழித்து, புது வீடு ஒன்றில் ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது மல்ரேயின் கணக்கில் ஒரு வொன் விழுந்தது. கிழவருக்கு டயப்பர் வாங்கிய காசை ஓக்சிம் மாதாமாதம் போட்ட அதே கணக்கு. அனுப்புகிறவர் தன் பெயரை எழுதும் இடத்தில் 'கணக்கு திறந்தது' என்று இருந்தது. வேறு ஒரு சொல் இல்லை.

ஒரு வொன்னைத் திருப்பி அனுப்பலாம். அதே இடத்தில் 'மன்னிச்சிடு' என்று போடலாம், இடம் போதும். ஓக்சிமின் கணக்கு எண் அவளுக்கு மனப்பாடம். ஆனால் கேட்காமல் அதைத் தொட இந்த முறை கை வரவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கஞ்சியைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள்.