மஞ்சள் கொடியும் இல்லாத நரியும்

ஓஸ்னே ஏன் நின்றாள்? அன்று எங்கள் பள்ளத்தாக்கில் காபி குடித்த வாயெல்லாம் இதைத்தான் கேட்டது. பதில் யாரிடமும் இல்லை. அதற்காக யாரும் பேசாமல் இருந்துவிடவில்லை.

மேட்டிலும் சமவெளியிலும் மூச்சிரைக்கச் சறுக்கிப் போவதுதான் எங்கள் ஊருக்குப் பனிச்சறுக்கு. மலை உச்சியிலிருந்து மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவர்களை ஊர் சோம்பேறிகளில் சேர்த்திருந்தது. ஓஸ்னேவுக்கு அதுதான் தொழில். சறுக்கு மன்றத் தலைவர் பொத்தோல்ஃப் அவளை எங்கே கண்டாலும் விடமாட்டார்.

“ஏம்மா ஓஸ்னே, மேல நடந்து போனியா, லிஃப்டுல உக்காந்து போனியா?”

“லிஃப்டுலதான்.”

“அப்ப பாதி வேலைய மெஷின் பாத்துச்சு. மீதிய மலை பாத்துச்சு. நீ என்னத்தப் பாத்தே?”

மன்றமே சிரிக்கும். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வாயில் அடைத்திருக்கச் சிரிக்கும். ஒன்பது ஆண்டுகளில் அவளுக்கு முழங்கால் தசைநார் இரண்டு முறை கிழிந்தது. தொடை எலும்பு ஒருமுறை ஒடிந்தது. எல்லாம் சும்மா உட்கார்ந்திருந்ததால் வந்தவை போலும்.

இருபத்தெட்டாம் வயதில், தேசிய அணியில் நீடிக்க அவளுக்கு ஒரே வழிதான் மிச்சம். எங்கள் மலையில் நடக்கும் பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் முதல் முப்பது பேருக்குள் வரவேண்டும். பந்தயத்தன்று ஊரே கூலியில்லாத் தொண்டு வேலைக்குப் போனது. போகாதவர்கள் இங்கே தலைகாட்ட முடியாது. பொத்தோல்ஃப் கையில் மஞ்சள் கொடி ஒன்றைக் கொடுத்து, பாதி வழியில் பெரிய மேட்டருகே நிறுத்தினார்கள். மேட்டுக்கு அப்பால் யாராவது விழுந்து கிடந்தால் மட்டும் ஆட்ட வேண்டிய கொடி. ஆட்டினால் வருகிறவர் நின்றே ஆகவேண்டும்.

ஓஸ்னே நாற்பத்தோராவதாகப் புறப்பட்டாள். பாதி வழியில் அவள் பதினெட்டாம் இடத்தில் இருப்பதாக ஒலிபெருக்கி சொன்னது. பொத்தோல்ஃபுக்கு வாழ்நாளில் முதல்முறையாக அவள்மேல் பெருமை பொங்கியது. மேடேறிச் சறுக்குகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டுகளாக எதைச் செய்தாரோ அதையே செய்தார். கையிலிருந்த கொடியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

அவள் நின்றாள்.

மேட்டுக்கு அப்பால் ஈ, காக்கைகூட இல்லை.

கொடிக்கு நின்றவள் என்பதால் விதிப்படி மறுபடி உச்சிக்குப் போய் இறங்க விட்டார்கள். அதற்குள் பாதை உழுத வயலாகியிருந்தது, காலில் வலுவில்லை. முப்பத்தொன்றாம் இடம்.

அன்று மாலை மன்றத்தில், “பயந்துட்டா, வேறென்ன,” என்றார்கள்; கொடிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நரி ஒன்று குறுக்கே ஓடியது என்றார் பொத்தோல்ஃப். இரண்டாவது காபிக்குள் நரி இரண்டாகிவிட்டது.

ஓஸ்னே வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“நரி எந்தப் பக்கம் போச்சு, பொத்தோல்ஃப்?”

அவர் தட்டைப் பார்த்தார். “உனக்கு உற்சாகமா இருக்கட்டும்னுதான் ஆட்டுனேன். நான் சிரிச்சுக்கிட்டு நின்னது உனக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது. பல்லுகூடத் தெரிஞ்சுது.”

“பின்ன ஏன் நின்னே?”

“தொடை ஒடிஞ்ச அன்னிக்கு, இதே மாதிரி ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் கெடந்தது நான். பின்னாடி வந்தவ கொடியப் பாத்து நின்னா. கொடி புடிச்சவர் மூஞ்சியப் பாத்து யோசிச்சிருந்தான்னா, நான் இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டேன்.”

அன்று மட்டும் மன்றம் சிரிக்கவில்லை. அணிப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. பொத்தோல்ஃப் இன்னும் தலைவர்தான். மறுநாள் காலையிலேயே நரி மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. ஊருக்கு அதுதான் வசதி.

எங்கள் மலையில் நரி ஓடியதாக யாராவது உங்களிடம் சொன்னால், இதைச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.