பேய்க்கூடலுக்குச் சட்டம் வைத்த ரெஜினா அக்கா

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரெஜினா அக்காவை என்னைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் உங்களில் பலர். அடக்கத்தன்று கோயில் மண்டபத்தில் ஒவ்வொருவராக எழுந்து அவரைப் பற்றிப் பேசினீர்கள். என் முறை வந்தபோது நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன். அப்படிப்பட்டவள் இப்போது எழுத்தில் வாய் திறப்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

ராகலையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, "டீச்சர், நோர்வூட்டுலருந்து கோல்" என்று கூப்பிட்டார்கள். நோர்வூட் என்றால் அக்காவின் கொமினிகேஷன் கடைதான். நான் பிறந்து வளர்ந்த அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் கலியாணச் செய்தியும் சாவுச் செய்தியும் அந்தக் கடையின் தொலைபேசியிலிருந்துதான் வெளியூருக்குப் போகும். ரிசீவரை எடுத்ததும், "என்னக்கா, இந்த நேரத்துல?" என்றேன். அந்தப் பக்கம் அவருடைய தம்பி அந்தோனி அழுதார். "அக்கா போயிட்டாங்க டீச்சர். வெள்ளன நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட போகல." அக்காவின் கடையிலிருந்தே அக்காவின் சாவுச் செய்தி வந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் பேய்க்கூடலைப் பற்றிப் பேச்சு வந்தது. அறியாதவர்கள் கையில் இந்தத் தாள் கிடைத்தால் விளங்கட்டும் என்று சொல்கிறேன். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். எங்கள் தோட்டத்தில் மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோரில் டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள், நோர்வூட், பொகவந்தலாவை, ராகலைப் பக்கத்து இளவட்டங்கள் கூடுவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கப்படும். ஒருவர் கணக்கப்பிள்ளை, ஒருத்தி புதுப்பெண், ஒருவர் செத்த பிறகும் தோட்டத்தை விட்டுப் போகாத வெள்ளைக்காரத் துரை. மேடை இல்லை, எழுதிய வசனம் இல்லை, வேடிக்கை பார்க்கிறவர்களும் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கதைக்குள் நுழைந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை பயந்துகொண்டும் பயமுறுத்திக்கொண்டும் இருப்போம். அதற்கு அக்கா சில சட்டங்கள் வைத்திருந்தார்.

பொகவந்தலாவைக் குமார்தான் எங்களில் நல்ல பேய். அவர் அன்று சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இனி அந்தச் சட்டமெல்லாம் யாரு பாக்குறது? அக்காவோட அதுவும் போகட்டும். வடக்குல நடந்த சண்டையும் நின்னுருச்சு. இந்த வருசம் பொலிஸ் யூனிபோம் போட்டு, கதவப் பூட்டி, ஐசி கேக்குற மாதிரி ஒரு சீன் வச்சோம்னா சனம் நடுங்கிரும்ல?"

அடையாள அட்டையைக் கேட்கும் அந்தக் காட்சிக்குப் பலர் தலையாட்டினீர்கள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். கதவு பூட்டப்படக் கூடாது. யூனிபோம் உள்ளே வரக் கூடாது. சட்டங்கள் எதுவும் போகக் கூடாது. ஏன் என்பதற்கு அக்காவையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

இந்தக் கூடல் தொடங்கியதே அவருடைய கடையில் யாரோ விட்டுப்போன ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து. எங்கோ ஒரு நாட்டில் சனங்கள் கூடி, வேடம் போட்டு, பேய்க்கதைக்குள் தாங்களே வாழ்ந்து பார்க்கிறார்கள் என்று அதில் இருந்தது. அப்போது நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்த நேரம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி அவருக்கு விளங்கப்படுத்தினேன். படங்களைப் பார்த்துவிட்டு அக்கா சிரித்தார். "பாத்தியா, வெள்ளைக்காரன் கோட்டைய வாடகைக்கு எடுத்துல்ல பயப்படுறான்! நமக்கு ஸ்டோரு சும்மாவே கெடக்கு." மறுநாளே தோட்டத்து மேனேஜர் துரையிடம் அனுமதி கேட்கப் போனார். என்ன கூட்டம், யூனியன் கூட்டமா என்று துரை சந்தேகத்தோடு கேட்டாராம். "பேய்ங்க கூட்டம் சேர். அதுங்களுக்குச் சந்தா கட்ட ஏலாது" என்றாராம் அக்கா. துரை சிரித்துவிட்டார். சாவி கிடைத்தது.

பெண்களும் வரலாம் என்பது முதற்சட்டம். அதற்குத் தோட்டத்துத் தலைவர் கடைக்கே வந்து சண்டை பிடித்தார். நான் அப்போது உள்ளே பெஞ்சில் இருந்தேன்.

"வயசுப் புள்ளைங்க தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆம்பளைங்களோட ஆடுறதா? காமன் கூத்துலயே ரதி வேசம் ஆம்பளதான் கட்டுறான்."

"ரதிக்கே ஆம்பள வர்றப்ப பேய்க்குப் பொம்பள வரட்டுமே தலைவரே."

"நக்கலா? நாளைக்கு இதுகள எவன் கட்டுவான்?"

"பயப்படாதவன் கட்டுவான். பயந்தாங்கொள்ளிங்கள நீங்களே வச்சுக்கங்க."

தலைவர் கோபத்தில் குடையை விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவருடைய மகளே மோகினி வேடத்துக்குப் பெயர் கொடுத்தாள். அக்கா அதைப் பெரிதாகப் பேசவில்லை. "கூந்தல் நல்லா இருக்கு, வேசத்த எடுத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

எல்லாச் சட்டங்களும் அறிவோடு பிறந்தவை அல்ல. ஆட்டத்தின் நடுவே யாருக்காவது உண்மையாகவே பயம் வந்துவிட்டால் எப்படி நிறுத்துவது? "ஐயோ", "வேணாம்", "விட்டுரு" எல்லாம் கதையிலேயே வரும் பேச்சு. அதனால் பேய்க்கதையில் எவரும் சொல்லாத ஒரு சொல் வேண்டும் என்று யோசித்து, முதல் வருடம் "தேத்தண்ணி" என்று வைத்தோம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பேய் உட்பட எல்லோரும் நின்றுவிட வேண்டும். செத்த துரை பனிமூட்டத்தோடு உள்ளே நுழைந்தார். துரையாக வந்த குமாரின் நடையைப் பார்த்து நான் உண்மையிலேயே பின்வாங்கினேன். அப்போது கணக்கப்பிள்ளையின் மனைவியாக நடித்த மரியாயி எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்து, "வாங்க தொரை, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். எல்லோரும் அப்படியே நின்றோம். மறுபடி தொடங்கினோம். அடுத்து மோகினி கதவைத் தட்டியதும் இன்னொருவர் அதையே கேட்டார். வீட்டுக்கு வந்தது பேயாக இருந்தால்தான் என்ன, கேட்காமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியவில்லை. அன்று ஆட்டம் நின்று நின்று, கடைசியில் எல்லோரும் விழுந்து புரண்டு சிரித்ததோடு முடிந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்மள மாதிரி ஆளுங்கள எந்தப் பேயும் ஒண்ணும் பண்ணாது" என்றார். அடுத்த வருடம் "கடல்" என்று சொல்லை மாற்றினோம். எங்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததே இல்லை. வாய் தவறியும் வராது.

கதவுச் சட்டத்துக்கு எதிராகக் குமார் இன்று பேசுவது புதிதல்ல. தொடக்கத்திலும் கேட்டார். "பூட்டுனாத்தானே அக்கா பயம் வரும்?" அதற்கு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லயத்துல ஒத்த ரூமுக் காம்பராவுல குடும்பமே ஒண்ணா அடைஞ்சு படுத்து எந்திரிக்கிறோம். அடைச்சு வச்சா பயம் வரும்னு எனக்கு நீ சொல்லித் தரவேணாம்டா. கதவு தொறந்து கெடக்கணும். போகலாம்னு தெரிஞ்சும் ஒருத்தன் உள்ள நிக்கிறான் பாரு, அவன்தான் ஆடுறான்."

யூனிபோம் சட்டத்துக்கு வருகிறேன். இது என்னைப் பற்றியது. இதுவரை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் கொழும்பில் கடையில் வேலை செய்த என் அண்ணனை, அடையாள அட்டை இல்லை என்று பொலிஸார் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். விண்ணப்பித்து வராமல் இருந்த அட்டை அது. மாதக்கணக்கில் உள்ளே இருந்தான். திரும்பி வந்தவன் இன்றுவரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதில்லை. அந்த வருடக் கூடலில் நான் புதுப்பெண். நல்லதொரு திகில் கொடுப்போம் என்று நினைத்த ஒரு பையன், யாரிடமோ காக்கிச் சட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து, "ஐசி எக்க கோ?" என்று சிங்களத்தில் அட்டையைக் கேட்டான். அவன் கெட்டவன் அல்ல. எனக்குக் "கடல்" என்ற சொல் தெரியும். வாயில் வரவில்லை. கை தானாக மார்புப் பக்கம் அட்டையைத் தேடியது. சுற்றி நின்றவர்கள் நான் அற்புதமாக நடிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து, "கடல்! கடல்! நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். என்னை வெளியே தேயிலைச் செடிகளுக்கு இடையே கூட்டிக்கொண்டு போய், என் மூச்சு சீராகும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் எல்லோரிடமும் சொன்னார். "பேயி பொய்யி. அது பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டு நாமளா விரும்பிப் பயப்படுறோம். அது நம்ம இஷ்டம். ஐசி கேக்குறது பொய்யா? இங்க எவன் வீட்டுலயாச்சும் அது பொய்யா? அதக் கொண்டாந்து இங்க ஆடாதீங்க."

அதன் பிறகு அவர் ஒருமுறைகூட வேடம் கட்டவில்லை. ஆசை இருந்தது. சூனியக்காரி வேடம் தனக்குத்தான் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் வாசலில் உட்கார்ந்து, கதையைப் பார்க்காமல் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல முடியாதவர்களுக்காகச் சொல்லுகிற ஆள் அவர். நானும் அதன் பிறகு ஆடவில்லை. பாத்திரங்களை எழுதிக் கொடுத்துவிட்டு மூலையில் நிற்பேன். "பேசாம நின்னு எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே இருப்பா, கள்ளி" என்று என்னைக் கேலி செய்வார்.

சண்டை நின்றுவிட்டது என்கிறீர்கள். நிற்கட்டும், நல்லது. என் அண்ணன் இன்னும் ஜன்னலோரம் உட்காரவில்லை. அவனைப்போல் எத்தனை பேர் வேடம் கட்டிக்கொண்டு நம் நடுவே நிற்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சனம் நடுங்க வேண்டும் என்பதற்காக அவர்களை எடுத்து நடுவில் போடுவதற்குப் பெயர் ஆட்டம் அல்ல. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வைத்த பயத்தில் இருந்த நம் சனத்துக்கு, தன் விருப்பப்படி பயப்படவும், போதும் என்றால் நிறுத்தவும் ஓர் இடத்தை அக்கா எடுத்துக் கொடுத்தார். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். துக்கத்துக்காக இந்த வருடக் கூடலை நிறுத்தவும் நான் சம்மதிக்க மாட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: கதை எவ்வளவு இழுத்தாலும் அதைவிட்டு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது.

ஆகவே இவ்வளவு நேரம் சொல்லத் தயங்கிய ஒன்றைக் கேட்கிறேன். வருகிற டிசம்பரில் வாசலில் உட்காரும் வேலையை எனக்குத் தாருங்கள். குமார் தம்பி, நீங்கள் யூனிபோமோடு வந்தால் படியிலேயே நிறுத்துவேன். இவளுக்குச் சத்தம் வருமா என்று ஒருவரையொருவர் பார்க்காதீர்கள். வரும்.